பெட்டியை நிறுக்கிறார்கள், ஆளை ஏன் நிறுப்பதில்லை?

கேட்டிருப்பது இதுதான்: "என் பெட்டி 15 கிலோவுக்கு மேல் ஒரே ஒரு கிலோ கூடியதற்குக் கவுன்டரில் பணம் வாங்கிவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்றவர் என்னைவிட முப்பது கிலோவாவது அதிகம் இருப்பார். அவரிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இது என்ன நியாயம்?"

நீங்கள் ஒல்லியான ஆள் என்று தெரிகிறது. கேட்டிருக்கும் வேகத்தைப் பார்த்தால் பணம் கட்டிய ரசீது இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கும். இருக்கட்டும்.

இதே கேள்வியைக் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுவார். ரிட்டயர் ஆகும்வரை நான் மீனம்பாக்கத்தில் லோடு கன்ட்ரோலில் இருந்தவன். டிரிம் செக்ஷன் என்போம். பைலட் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஆள் எத்தனை, பெட்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு, எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போட்டு லோட்ஷீட் எடுத்து, கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலை. கவுன்டரில் உட்கார்ந்து பணம் வாங்கியவன் நான் இல்லை. இதை இப்போதே சொல்லாவிட்டால் கீழே நாலு பேர் வந்து என்னைத் திட்டுவார்கள்.

முதலில் உங்களுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒரு கிலோவால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. ஏர்பஸ் ஏ320 நியோ கிளம்பும்போது 79 டன் வரை இருக்கலாம். அதில் ஒரு கிலோ எந்த மூலைக்கு? கவுன்டரில் வாங்குவது வியாபாரம். டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு பெட்டிக்குத் தனி, சீட்டுக்குத் தனி, சாண்ட்விச்சுக்குத் தனி என்று வாங்குகிறார்கள். அதற்குக் கொஞ்சம் காரணமும் இருக்கிறது. கூடுதலாகத் தூக்கும் எடையில் மணிக்கு 3, 4 சதவீதம் அளவுக்கு எரிபொருள் கூடுதலாகப் போகும் என்பது தோராயக் கணக்கு. 180 பேர் ஆளுக்கு 3 கிலோ கூட்டினால் 540 கிலோ. டெல்லி போய்ச் சேர்வதற்குள் ஐம்பது கிலோ சொச்சம் எரிபொருள் அதற்கே போய்விடும். சரி, அதற்காக அவ்வளவு பணமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் கம்பெனிக்கு ஜால்ரா போட வரவில்லை.

ஆளை ஏன் நிறுப்பதில்லை என்பதற்கு வருகிறேன். நிறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். உலகத்தில் கால அட்டவணை போட்டு ஓடிய முதல் பயணி விமான சர்வீஸ் 1914 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆரம்பித்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டாம்பா. தண்ணீரில் இறங்கும் படகு விமானம், பைலட் டோனி ஜானஸ், 23 நிமிடப் பயணம். முதல் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். அந்த ஊரின் முன்னாள் மேயர் ஒருவர் 400 டாலர் கொடுத்து எடுத்தார். அப்புறம் சாதாரண டிக்கெட் 5 டாலர். அதில்தான் விஷயமே: ஆளும் கைச்சுமையும் சேர்த்து 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ. அதற்கு மேல் போனால் கூடுதல் காசு. நீங்கள் கேட்கும் நியாயம் முதல் நாளே அமலில் இருந்தது. ஒரு பயணியைத்தான் ஏற்ற முடியும் என்கிற விமானத்தில் அவர் குண்டா ஒல்லியா என்பது பெரிய விஷயம். நம் ஊருக்கும் டாடாவின் சர்வீஸ் 1932 அக்டோபரில் முதலில் கொண்டுவந்தது தபால்தான். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்தார், அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு நெவில் வின்சென்ட். தபாலுக்கு எடை பார்த்துக் காசு வாங்குவதை யாரும் தப்பு சொல்லவில்லை!

விமானம் பெரிதானதும் ஆளுக்கு ஆள் தராசு வைப்பதை விட்டுவிட்டு சராசரிக்குப் போனார்கள். எங்கள் கணக்கில் பெரியவர் 75 கிலோ, குழந்தை 35, கைக்குழந்தை 10. நீங்களும் 75, உங்களுக்குப் பின்னால் நின்றவரும் 75. நூற்றெண்பது பேர் இருக்கும்போது கூடுதல் குறைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த 75 கிலோவில் கைப்பையும் அடக்கம். இதை யாரும் யோசிப்பதே இல்லை.

கைப்பை என்றதும் எனக்கு எரிகிறது. ஏர்போர்ட்டில் தூணுக்குத் தூண் பாருங்கள், ஒரு மாமாவோ சித்தப்பாவோ ஒரு பையை வைத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாதவர் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். செக்-இன் முடிந்ததும் குடும்பம் வந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டு போகும். 7 கிலோ கைப்பை என்று பெயர். தூக்கும்போது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிடும். என் மச்சினி, பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போனபோது டேபிள் டாப் கிரைண்டரின் டிரம்மை ஒரு பெட்டியிலும் மோட்டாரை இன்னொன்றிலும் வைத்துவிட்டு, குழவிக்கல்லை ஈரிழைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே வேப்பம்பூ, பிரசவ லேகியம். "அத்திம்பேர், உங்க ஏர்போர்ட்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள். என் ஏர்போர்ட்டாம்! நான் சொல்லவில்லை. குழவி என் வீட்டுக்குத் திரும்பி வந்தது, மச்சினி மூன்று மாதம் போனில் பேசவில்லை.

சராசரி தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச்கிராஃப்ட் 1900டி என்ற சின்ன விமானம் கிளம்பிய உடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். வாலில் இருக்கும் எலிவேட்டர், அதாவது மூக்கை மேலே கீழே ஆட்டும் பலகை, அதன் கேபிளைப் பராமரிப்பில் சரியாகப் பொருத்தாததால் மூக்கைக் கீழே இறக்கும் அளவுக்கு அந்தப் பலகை அசையவில்லை. அதோடு சராசரி எடைக் கணக்கும் குறைவாக இருந்ததால், பின்பாரம் அனுமதித்த எல்லையைத் தாண்டியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அங்கே பயணிகளை மாதிரிக்கு நிறுத்துப் பார்த்து சராசரியைக் கூட்டினார்கள். ஏர் நியூசிலாந்து 2023லும் ஃபின்னேர் 2024லும் பெயர் கேட்காமல் பயணிகளை எடை பார்த்தது இதற்குத்தான், பணம் பிடுங்க இல்லை. பணத்துக்காக ஆளை எடை பார்த்தவர்களும் உண்டு. சமோவா ஏர் 2013ல் கிலோ கணக்கில் டிக்கெட் போட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டரில் இன்றும் ஆளைத் தராசில் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள்.

மொத்த எடையைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தலைவலி. ஒரு கதை சொல்கிறேன். கம்பெனி பெயர் கேட்காதீர்கள்.

தூத்துக்குடி போகும் ஏடிஆர். அது புரொப்பல்லர் வைத்த சின்ன விமானம். மற்றதெல்லாம் முன்னால் கதவு என்றால் இதில் பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கும், முன்பக்கம் சாமான் அறை. ஆட்கள் பின்வழியாக ஏறும்போது வால் தரையில் இடித்துவிடாமல் இருக்க வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டைக் கம்பி நிறுத்தியிருப்பார்கள். அடுத்த தடவை போகும்போது பாருங்கள், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், எடுக்க மறக்கக் கூடாது என்பதற்காக அதில் சிவப்பு ரிப்பன் தொங்கும்.

அன்றைக்குப் பாதி சீட் காலி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கல்யாண கோஷ்டி. சேர்ந்து உட்கார வேண்டுமென்று கேட்டு எல்லோரும் முன்வரிசைகளை வாங்கியிருந்தார்கள். முன் சாமான் அறை முழுக்க அவர்களுடைய சீர்வரிசை வேறு. போட்டுப் பார்த்தால் மூக்குப்பாரம் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கேப்டன் பார்த்துவிட்டு, "ஆறு பேரைப் பின்னால் அனுப்புங்கள், இல்லையென்றால் சாமானை இறக்குங்கள்" என்றார். சாமானை இறக்கினால் முகூர்த்தத்துக்குச் சீர் இல்லை. ஆறு பேர்தானே என்று லோட்ஷீட்டும் கையுமாக நானே உள்ளே போனேன்.

முன்வரிசையில் ஒரு பக்கம் பெண் வீட்டார், ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை பக்கம் ஆறு பேராக உட்கார்ந்திருந்ததால் அவர்களைக் கேட்டேன். பட்டுச்சட்டை போட்ட பெரியவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவாம், எழுந்து நின்றார்.

"சம்பந்தி வீட்டை முன்னாடி உக்கார வெச்சுட்டு எங்களைப் பின்னாடி அனுப்பறீங்களா? யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"சார், பேலன்ஸுக்குத்தான். கேப்டன் ஆர்டர்."

"பேலன்ஸ்னா அவங்களை அனுப்புங்க."

பெண்ணின் அப்பா பாவம், கையைக் கூப்பிக்கொண்டு "நாங்க போறோம்" என்று எழுந்தார். அவர் மனைவி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கிளம்பும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏர்ஹோஸ்டஸ் என்னைப் பார்க்கிறாள், நான் லோட்ஷீட்டைப் பார்க்கிறேன். அப்புறம் பெரியவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "சார், இந்த விமானத்துக்குக் கதவே பின்னாடிதான். பின்னாடி உக்காந்தவங்கதான் முதல்ல இறங்குவாங்க. மாலை மரியாதை வாங்கறதும் முதல்ல அவங்கதான்."

பெரியவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். உண்மைதான் என்று தெரிந்ததும் ஆறு பேரையும் கிளப்பினார். இப்போது பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார்: "அப்போ நாங்க மட்டும் கடைசியிலயா இறங்கணும்?" எல்லோரும் பின்னால் போனால் பின்பாரம் தூக்கிவிடும். அவரைச் சமாளித்து உட்காரவைத்ததற்கு எனக்கு எந்தக் கம்பெனியும் அலவன்ஸ் கொடுக்கவில்லை.

தூத்துக்குடியில் அப்போது ஓடுதளமும் சின்னது, 1,350 மீட்டர்தான். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர். மே மாத மத்தியானத்தில் காற்று சூடாகி அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இன்ஜின் இழுவையும் குறையும், மேலே எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். ஓட இடமில்லாத ஊரில் எடையைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். "என் பெட்டி அடுத்த ஃபிளைட்டில் வந்தது, திருட்டுப் பசங்க" என்று எழுதுகிறீர்களே, சில நேரம் காரணம் வெயில். எல்லா நேரமும் என்று சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டு வெயில் மேல் பழி போட்டதும் உண்டு.

எடை என்றால் நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம். நான் இருக்கும் பழவந்தாங்கல் அபார்ட்மெண்டில் லிஃப்டுக்குள் "6 பேர், 408 கிலோ" என்று தகடு அடித்திருக்கிறது. ஆளுக்கு 68 கிலோ கணக்கு. இவர்கள் எட்டு பேர் ஏறி, நடுவில் தண்ணீர் கேனையும் வைத்து, கடைசியாக ஓடிவருபவருக்கு "வாங்க வாங்க" என்று இடம் வேறு கொடுக்கிறார்கள். ஓவர்லோடு அலாரம் ஓயாமல் கத்துகிறது என்று புகார் வந்ததும் அசோசியேஷன் என்ன செய்தது தெரியுமா? அலாரம் வயரைக் கழற்றிவிட்டது. மீட்டிங்கில் நான் கேட்டதற்கு, "சார் எப்பவும் ஏர்போர்ட் ஞாபகத்துலயே இருக்கார்" என்று சிரித்தார்கள். மெயின்டெனன்ஸ் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. நான் மூன்றாம் மாடி, முட்டி வலியோடு படியில் ஏறுகிறேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், எழுதியதை அழிக்க மனசில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் பாக்கி. வீட்டிலேயே கொக்கி மாட்டித் தூக்கும் கைத்தராசில் நிறுத்துவிட்டுப் போங்கள். கூடும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆன்லைனில் எடை வாங்கிவிடுங்கள், கவுன்டரைவிடப் பெரும்பாலும் மலிவு. பணம் கட்டத் தயாராக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது விமானத்துக்காக இல்லை, விமானத்தின் அடிவயிற்றுச் சாமான் அறைக்குள் முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி அடுக்கும் லோடர் முதுகுக்காக. எனக்குத் தெரிந்த லோடர்களில் ஐம்பது வயதில் இடுப்பு பெல்ட் போடாதவர் அபூர்வம். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் போய்விடும், பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலும் வைக்காதீர்கள், எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று தடை செய்திருக்கிறார்கள்.

கவுன்டரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள். நீங்கள் கட்டிய பணத்தில் அவளுக்கு ஒரு டீ கூடக் கிடையாது.