வாழைநார் ஏரோஜெல் – கடிதம்

வணக்கம் ஐயா,

வாழைநாரிலிருந்து நானோசெல்லுலோஸ் (மிக நுண்ணிய செல்லுலோஸ் இழைகள்) எடுத்து, பிவிஏ (நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால்) கலந்து ஏரோஜெல் (காற்றுத் துளைகள் நிறைந்த, மிக லேசான கட்டி) செய்கிறேன். உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் நடுவில் குழி விழுந்து சுருங்கிவிடுகிறது. பிவிஏயைக் கூட்டிப் பார்க்கலாமா? சரியாக வந்தால் குளச்சல் மீன்பெட்டிகளில் தெர்மாகோலுக்குப் பதிலாக வைக்கலாமா?

– முதுகலை மாணவி, தக்கலை

அன்புள்ள மாணவிக்கு,

பிவிஏயைக் கூட்டினால் எடைதான் கூடும், குழி போகாது. கட்டியில் கடைசியாக உலர்வது நடுப்பகுதி. அங்கே பனி மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்திருப்பீர்கள். அது உருகி, அந்த நீர் காயும்போது நார்ச்சுவர்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். அழுத்தம் 0.1 மில்லிபாருக்குக் கீழே, குளிர்பொறி (வெளியேறும் நீராவியைப் பனியாகப் பிடிக்கும் பகுதி) −50 டிகிரியில் இருக்கட்டும். 2 செ.மீ. தடிமனுக்கு 48 மணி நேரம் விடுங்கள். முடிந்ததா என்று தராசே சொல்லும்: 1% நானோசெல்லுலோஸ் கூழும் 1% பிவிஏ கரைசலும் சமமாகக் கலந்து 50 மி.லி. ஊற்றினால், உலர்ந்த கட்டி அரை கிராம் வரவேண்டும். ஒரு கிராம் காட்டினால் பாதி ஈரம். அச்சையும் தட்டையும் முன்பே குளிரவைக்காவிட்டால் கருவிக்குப் போகும் வழியிலேயே ஓரம் இளகும்.

இன்னொரு சந்தேகம்: கூழை இடையில் காயவிட்டீர்களா? தோவாளையில் பூக்கட்டும் காய்ந்த நாரில் தொடங்குவதில் கேடில்லை. இழைகளுக்கு நடுவே லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற இயற்கைப் பொருள்கள் இருந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. 4% காஸ்டிக் சோடாவில் 80 டிகிரியில் 2 மணி நேரம் வேகவைத்து, சோடியம் குளோரைட்டில் (வெளுப்பான்; உப்பான குளோரைடு அல்ல) வெளுத்தபின் அந்தக் காப்பு போய்விடும். அதன்பிறகு ஓவனில் காய்ந்தால் நுண்ணிழைகள் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு அரைத்தாலும் முழுதாகப் பிரியாது. ஈரமாகவே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். (கதம்பல் நார், அதாவது தேங்காய் நார், மலிவுதான். ஆனால் லிக்னின் 40 சதவீதத்தை ஒட்டி வரும், வெளுத்தே அலுத்துப்போவீர்கள்.)

மீன்பெட்டிக்கு வேண்டாம். வெப்பத்தைத் தடுப்பதில் தெர்மாகோலைவிடப் பெரிதாக மேல் இல்லை; ஐஸ் தண்ணீரைக் குடித்து அமுங்கிவிடும்; இரண்டு நாள் வெற்றிடம் ஓட்டிய கரண்டுக் காசை எந்த வியாபாரியும் தரமாட்டார். துறைமுகத்தில் இதற்கு வேறு வேலை இருக்கிறது: தண்ணீரில் சிந்திய டீசலை உறிஞ்சுவது. மூடிய பாத்திரத்தில் மெத்தில்டிரைமெத்தாக்சிசிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தின் ஆவியில் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் தண்ணீரைத் தள்ளி எண்ணெயை மட்டும் உறிஞ்சும். அடர்த்தி கன செ.மீ.க்கு 0.01 கிராம் என்றால் துளைகள் 99 சதவீதம். கணக்குப்படி தன் எடையைப்போல் 80 மடங்கு டீசலுக்கு இடமுண்டு. சுருங்கிய கட்டியில் அந்த இடமும் சுருங்கியிருக்கும் என்பதால் முதலில் உலர்த்தலைச் சரிசெய்யுங்கள்.