−40 பாகையில் வாயு எவ்வளவு நீரைத் தாங்கும்?

கேள்வி: இறுதி வருடச் செயற்றிட்டத்துக்காக இயற்கை வாயுவில் உள்ள நீரின் அளவைக் கணக்கிடுகிறேன். வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் ஏற்ப வாயுவிலுள்ள நீரின் அளவைக் காட்டும் மக்கெட்டா–வீ வரைபில் −40 பாகைக்கு ஒரு பெறுமானம் எடுத்தேன். நண்பன் பனிக்கட்டியின் ஆவியமுக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டான். இரண்டும் ஒத்துவரவில்லை. எது சரி?
— வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, அமுக்கத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், விடை அதில்தான் இருக்கிறது.

1958இல் வந்த அந்த வரைபில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குறுக்கே ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்த, பனிக்கட்டி போன்ற திண்மம்) உருவாகும் கோடு ஒன்று போகிறது பாருங்கள், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வாயுவோடு திரவ நீர் இருக்கிறது என்று வைத்து நீட்டிய கோடுகள். −40இல் திரவ நீர் எங்கே நிலைக்கப்போகிறது? மீக்குளிர்ந்த நீரின் (உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நிற்கும் நீரின்) ஆவியமுக்கம் அங்கே ஏறத்தாழ 19 பஸ்கால், பனிக்கட்டிக்கு 12.8தான், ஆக திரவத்தை நம்பினால் விடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக வரும்.

வளிமண்டல அமுக்கம் என்றால் நண்பன் போட்ட கணக்கே சரி. 12.8ஐ 101,325ஆல் வகுத்தால் மில்லியனில் 126 பங்கு, நியமக் கனமீற்றருக்கு (15 பாகையில், வளிமண்டல அமுக்கத்தில்) சுமார் 96 மில்லிகிராம். (நம்ம ஊர்ப் புழுக்கத்தில், 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாளில், ஒரு கனமீற்றர் காற்றில் 24 கிராம் நீராவி நிற்கும்.)

70 பார் என்றால் இரண்டு பேரின் கணக்கும் சரிவராது. அந்த அமுக்கத்தில் நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி, இயற்கை வாயுவின் பெரும்பகுதியான மெதேனை உள்ளே பிடித்துக்கொள்ளும், அதுதான் ஹைட்ரேட், அது பனிக்கட்டியைவிட நீரை இறுக்கமாக வைத்திருப்பதால் வாயுவுக்கு மிஞ்சுவது குறையும். இன்னொரு பக்கம், நெருக்கப்பட்ட மெதேன் இலட்சிய வாயுவாக நடக்காது, வெறும் வகுத்தலில் வருவதைவிடக் கூடுதலான நீரை அது தன்னோடு வைத்துக்கொள்ளும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால், நிலைச் சமன்பாடு (வாயுவின் அமுக்கம், கனவளவு, வெப்பநிலையை இணைக்கும் சமன்பாடு) ஒன்றையும் 1959இல் வான் டெர் வால்ஸும் பிளாட்டீவும் தந்த ஹைட்ரேட் மாதிரியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஹைட்ரேட் சமநிலைக்கு வர நாட்கணக்கில் எடுக்கும், அதனால் பழைய அளவீடுகளை எடுத்தால் எந்த நிலையில் அளந்தார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இது வெறும் புள்ளிக்கான விஷயம் இல்லை. வரைபு கூடுதலாகக் காட்டினால் “இவ்வளவு நீரை வாயு தாங்கும்” என்று நம்பி உலர்த்தியைச் சிறிதாகக் கட்டுவார்கள், அப்புறம் மிச்ச நீர் ஹைட்ரேட்டாகப் படிந்து வால்வை அடைக்கும். −162 பாகைக்குக் குளிர்த்தித் திரவமாக்கும் ஆலைகளில் மூலக்கூற்று அரிப்பைகள் (நீரைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருட்கள்) வழியே மில்லியனில் 0.1 பங்குக்கும் கீழே நீரை இறக்குவது இதற்காகத்தான். உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு பெறுமானத்துக்கும் பக்கத்தில் திரவமா, பனிக்கட்டியா, ஹைட்ரேட்டா என்று கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: விசேஷத்துக்குப் பெரிய அடுப்பில் சமைக்கும்போது காஸ் சிலிண்டர் வெளியே வியர்க்கிறதே, உள்ளே நீர் இருக்கிறதா?
— வாசகி, மூதூர்

பதில்: இல்லை. அது இயற்கை வாயுவும் இல்லை, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். வேகமாக எரிக்கும்போது திரவம் ஆவியாகிச் சிலிண்டரின் சூட்டை உறிஞ்சுகிறது, குளிர்ந்த இரும்பில் காற்றிலுள்ள ஈரம் படிகிறது. பயப்படத் தேவையில்லை, துணியால் துடைத்துவிடுங்கள், சூடாக்க மட்டும் முயல வேண்டாம்.