பிளான் கீறினவருக்கும் பொறுப்பு இருக்கிறது

கேள்வி: நான் கட்டடத்துக்கு டிசைன் செய்து கொடுத்த பொறியியலாளர். வேலைத்தளத்தில் ஒருவர் விழுந்து காயப்பட்டால் சட்டப்படி எனக்கும் பொறுப்பு வருமா?

வரும். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே இலங்கையில் படித்து வெளிநாட்டில் வேலை தொடங்கியிருக்கிறீர்கள், ஏதோ ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரித்தானியா என்றால் 2015ஆம் ஆண்டின் கட்டுமான வடிவமைப்பு, முகாமைத்துவ விதிகளில் 9ஆவது விதியைப் பாருங்கள். ஊகிக்கக்கூடிய ஆபத்தை நியாயமாக முடிந்த அளவுக்கு வரைபடத்திலேயே இல்லாமல் செய்யவேண்டும். முடியாவிட்டால் குறைக்கவேண்டும், மிஞ்சியதை மற்றவர்களுக்கு அறிவிக்கவேண்டும். கட்டுகிறவரோடு பிறகு துப்புரவாக்குகிறவர், திருத்துகிறவர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். அவுஸ்திரேலியாவில் மாநிலங்கள் பார்த்து எடுத்துக்கொள்ள எழுதிய 2011 வேலைப் பாதுகாப்பு மாதிரிச் சட்டத்தில் 22ஆம் பிரிவு, கட்டடத்தை இடிக்கிறவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மெல்பேண் என்றால் கவனம். விக்ரோறியா மாநிலம் அந்த மாதிரிச் சட்டத்தை எடுக்கவில்லை, அங்கே டிசைன் செய்கிறவரின் பொறுப்பைச் சொல்வது அந்த மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெரும்பாலும் இடத்தை நடத்துகிறவரைத்தான் பிடிக்கிறது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கவனயீனத்தால் ஒரு உயிர் போனால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு நீங்கள் மேசனா பொறியியலாளரா என்று பார்க்காது. நட்டஈட்டு வழக்கு வேறு.

இந்தக் கேள்வியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு கொதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் களஞ்சியத்துக்கு நான் பிளான் கீறினேன். அஸ்பெஸ்ரஸ் சீற் கூரை, வெளிச்சத்துக்கு இடையிடையே பிளாஸ்ரிக் சீற். வன்னியில் கூரையைப் போட்டுவிட்டு மறந்திருக்க ஏலாது. பாலை மரத்திலிருந்து குரங்குகள் பாயும், சீற் வெடிக்கும், மாரிக்கு முதல் யாரோ ஒருவர் ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் பிளாஸ்ரிக் சீற்றுகளுக்குக் கீழே கம்பி வலை, முகட்டில் கயிறு மாட்ட இரும்புக் கொளுக்கி, நடக்கப் பலகைப் பாதை எல்லாம் காட்டியிருந்தேன். செலவு குறைக்கும் கூட்டத்தில் எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் வெட்டினார்கள். "மிஸ், நீங்கள் கட்டடம் விழாமல் பாருங்கோ, ஆக்களை நாங்கள் பாக்கிறம்" என்றார் கொந்தராத்துக்காரர். அன்று பின்னேரமே எதை எடுத்தார்கள், அதனால் யாருக்கு ஆபத்து, இனிக் கூரையில் ஏறுமுன் என்ன செய்யவேண்டும் என்று கடிதம் எழுதி, கிடைத்ததற்குக் கையெழுத்தும் வாங்கினேன்.

சில மாரி போக, பிளாஸ்ரிக் சீற்றில் செம்மண் புழுதியும் பாசியும் ஏறிவிட்டன. மேலே நின்று பார்க்கிறவருக்கு எது அஸ்பெஸ்ரஸ், எது பிளாஸ்ரிக் என்று தெரியாது. சீற் மாற்ற ஏறிய பொடியன் கீழே சட்டம் தாங்குகிற ஆணி வரிசை பார்த்துத்தான் கால் வைத்திருக்கிறான். கீழேயிருந்து நீட்டிய சீற்றை வாங்க ஒரு எட்டு விலகினான். அதோடு பிளாஸ்ரிக் சீற் உடைந்து உள்ளே சீமெந்துத் தரையில் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பிவிட்டான், ஆனால் இன்றைக்கும் ஒரு மூட்டை தூக்க ஏலாது.

முதலில் எனக்குத்தான் அழைப்பு வந்தது: "பிளான் கீறினது நீங்கள்தானே?" கடிதப் பிரதியைக் கொண்டுபோய் வைத்தேன். என்னைக் கேட்பது அத்தோடு நின்றது. அதை எழுதி வைத்ததில் எனக்குப் பெருமைதான். வலையைப் போட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அவனுடைய நட்டஈட்டு அலுவலாக வந்த கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில். தாய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடி வீடு வீடாக அலைந்தா. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஒரு அலுவலகம் ஒரு தாய்க்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுத இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் விட மனம் வரவில்லை.

"வெள்ளைக்காரன் சட்டத்தை வன்னிக்குக் கொண்டுவரப் போறியளோ" என்று சிலர் கேட்பார்கள். குரங்கு பாய்கிற கூரையில் ஆள் ஏறுவார் என்பதை அறிய எந்த நாட்டுச் சட்டமும் தேவையில்லை. நான் சட்டத்தரணியும் இல்லை, கொந்தராத்துக்காரர் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவும் இல்லை. விலை குறைத்தவருக்கே ரெண்டர் போகும்போது அவர்களும் எங்கேயோ வெட்டத்தான் வேண்டியிருக்கிறது.

உங்களிடம் வருகிறேன். வரைபடத்தின் ஒவ்வொரு திருத்தப் பிரதியையும் திகதியோடு வைத்திருங்கள். எதையாவது வெட்டச் சொன்னால், சொன்னது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக் கேட்ட பத்திரத்தில் எஞ்சிய ஆபத்துகளை எழுத இடம் விட்டிருந்தால், அதை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.