வாசகர் கேள்வி – பதில்: பாலின ஆய்வில் முனைவர் பட்டம்

கேள்வி: சமூகவியலில் முதுகலை முடித்து, நான்கு ஆண்டுகளாகப் பெண்கள் நல அமைப்பு ஒன்றில் பணியாற்றி வருகிறேன். பாலினம், பாலியல் குறித்த ஆய்வில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இதற்கென உள்ள தனித்துறையில் சேர்வதா, சமூகவியலில் இருந்துகொண்டே இதைத் தலைப்பாக எடுத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. "அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்?" என்று வீட்டில் கேட்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எந்தத் துறை, என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள், எதைக் கண்டறிய விரும்புகிறீர்கள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இத்துறையை நாடி வருபவர்களில் பலர் ஓர் ஆதங்கத்தோடுதான் வருகிறார்கள்; அந்த ஆதங்கம் நியாயமானதும்கூட. ஆனால் ஆதங்கம் ஆய்வு வினாவாக மாறாதவரை முன்மொழிவின் முதல் பக்கத்தைக்கூட எழுத முடியாது.

அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு கார் நிறுவனம் பணிமூப்பு அடிப்படையில் ஆள்குறைப்பு செய்தபோது, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். 1964-க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை என்பதால், மூப்புப் பட்டியலில் அவர்கள் கடைசியில்தான் இருந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. நிறுவனத்தில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்ற நீதிமன்றம், இனப் பாகுபாட்டையும் பாலினப் பாகுபாட்டையும் ஒன்றாகச் சேர்த்து வழக்காட இடமில்லை என்றும் 1976-இல் கூறிவிட்டது. நீதிமன்றம் சுட்டிக்காட்டிய, வேலையில் இருந்த பெண்களோ வெள்ளையினத்தவர். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இந்தத் தீர்ப்பையும் இதுபோன்ற வேறு சிலவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, இரண்டு பாகுபாடுகள் சந்திக்கும் இடத்தில் நிற்பவரைச் சட்டம் ஏன் காண முடியவில்லை என்று கேட்டார். 1989-இல் வந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் இன்று எல்லாரும் பயன்படுத்தும் 'குறுக்குவெட்டுத்தன்மை' என்ற கருத்து பிறந்தது. சில தீர்ப்புகளை உற்றுப் படித்ததன் பயன் அது.

உங்கள் பணியிடத்திலும் அப்படிப்பட்ட தாள்கள் நிச்சயம் இருக்கும். 'குடும்ப வன்முறையும் பாலினமும்' என்பது ஒரு பரப்பு. அதை வினா என்று சொல்ல முடியாது. உதவி கேட்டு வரும் பெண்ணின் பேச்சைப் பதிவேட்டில் எழுதும் பணியாளர் எந்தக் கட்டத்தில் 'தகராறு' என்ற சொல்லை விட்டுவிட்டு 'வன்முறை' என்று எழுதத் தொடங்குகிறார், அந்தச் சொல் மாறியபின் அவளுக்குக் கிடைக்கும் உதவி எப்படி மாறுகிறது என்பது வினா. நான்கு ஆண்டுகள் அங்கே உட்கார்ந்திருந்த உங்களால்தான் அப்படி ஒன்றைக் கேட்க முடியும்.

வினா தெளிந்தால் துறையைத் தேர்வது எளிது. இத்துறையே பல துறைகளிலிருந்து வந்தவர்கள் கட்டியது. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970-இல் பெண்ணியல் தனிப் பாடத்திட்டமாகத் தொடங்கியது. அந்நாட்டின் எமரி பல்கலைக்கழகம் அதில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியதோ 1990-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இத்துறையில் கற்பித்தவர்கள் வரலாறு, இலக்கியம், மானிடவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவர்கள். உங்கள் வினாவுக்கு நேர்காணலும் பதிவேடுகளும் போதுமென்றால் சமூகவியலே தாங்கும். கோட்பாட்டையே கேள்விக்குள்ளாக்க விரும்பினால் தனித்துறை நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2018-இல் ஹங்கேரி அரசு பாலின ஆய்வு முதுகலைப் படிப்புகளின் அங்கீகாரத்தை நீக்கியது. ஓர் அரசாணையால் துறையின் பெயர்ப்பலகை இறங்கலாம் என்பதால், எந்தத் துறையில் சேர்ந்தாலும் ஒரு முறையியலில் ஆழக் கால் ஊன்றுங்கள் என்றே நான் வற்புறுத்துவேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்கள், எழுதிக் கொடுத்த இயல்களை அவர் எத்தனை வாரங்களில் திருப்பித் தந்தார் என்பதை அம்மாணவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வில் இறங்க வேண்டாம்.

பாலியல் குறித்து ஆய்வு செய்பவர் பிறருடைய மிக அந்தரங்கமான சொற்களைக் கையில் வாங்குகிறார். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பங்கேற்பவரின் கையெழுத்தும், புனைபெயரும் மட்டும் போதா. 'தையல் வேலை செய்யும், இரண்டு முறை மணமான, நாற்பது வயதுத் திருநங்கை' என்று எழுதினால், பெயரை மாற்றியிருந்தாலும் அவரைத் தெரிந்தவர்கள் ஒரே நொடியில் கண்டுகொள்வார்கள். எந்த விவரத்தை விட்டால் வாதம் குலையாது, எதை வைத்தால் ஒருவரின் வீடு குலையும் என்பதை ஒவ்வொரு பத்தியிலும் எடைபோட வேண்டியிருக்கும். கையெழுத்திட்ட ஒருவர் ஓராண்டு கழித்துத் தன் பேச்சை நீக்கச் சொன்னால், அந்த இயலே சரிந்தாலும் நீக்கத்தான் வேண்டும்.

வீட்டாருக்கான பதில்: பல்கலைக்கழக ஆசிரியப் பணியிடங்கள் குறைவு, போட்டி மிகுதி, இதை அவர்களிடம் மறைக்காதீர்கள். அதே நேரத்தில் பொதுச் சுகாதாரம், கொள்கை ஆய்வு, மனித உரிமை, பணியிடப் புகார்க் குழுக்களுக்கான பயிற்சி ஆகிய இடங்களில் இப்படிப்புக்குப் பயன் உண்டு. உங்களுக்குக் கள அனுபவமும் இருப்பது நேரடியாகக் கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு இல்லாத பலம்.

கேள்வி: நான் ஆண். இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு முயன்றால் ஏற்றுக்கொள்வார்களா?
– ஒரு முதுகலை மாணவர்

பதில்: ஏற்பார்கள். ஆண்மை என்பதும் சமூகம் கட்டமைத்த ஒன்றுதான். ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ரேவின் கானல் போன்றோரின் உழைப்பால் அது தனி ஆய்வுப் புலமாகவே வளர்ந்திருக்கிறது. நீங்கள் பெண்களைப் பற்றியும் ஆராயலாம். ஆனால் ஒரு பெண் உங்களிடம் எதைச் சொல்லத் தயங்கினார், உங்களை ஆண் என்று கண்டதும் ஆண்கள் எதை வெளிப்படையாகப் பேசினார்கள் என்பதைக் களக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். முறையியல் இயலுக்கு அந்தக் குறிப்புகள்தான் தேவைப்படும்.