பொம்மையும் வரவில்லை, பணமும் வரவில்லை

நுகர்வோர் கேள்வி-பதில்

சினிமா ஆக்‌ஷன் ஃபிகர்களுக்கு, அதாவது படப் பாத்திரங்களின் உருவில் வரும் பொம்மைகளுக்கு, முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்களிடமிருந்து வடசென்னையில் இருந்து மட்டும் நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: சார், சூப்பர் ஹீரோ படத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் 12 அங்குல ஃபிகரை ஆன்லைன் கடை ஒன்றில் ப்ரீ ஆர்டர் செய்தேன். விலை 26,000 ரூபாய், அட்வான்ஸ் 8,000. நான்கு மாதத்தில் வரும் என்றார்கள். மூன்று முறை தேதியைத் தள்ளினார்கள். இப்போது “கம்பெனி அந்த வரிசையையே நிறுத்திவிட்டது, உங்கள் ஆர்டர் ரத்து” என்று மெயில் வந்திருக்கிறது. பணத்தைக் கேட்டால் ஸ்டோர் கிரெடிட்தான் தருவார்களாம், அதையும் ஆறு மாதத்துக்குள் செலவழிக்க வேண்டுமாம். பொம்மைக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு. என்ன செய்யலாம்? – பெரம்பூர் வாசகர்

பதில்: ஸ்டோர் கிரெடிட்டுக்குச் சம்மதம் என்று வாட்ஸ்அப்பில்கூட ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள். ஆர்டரை ரத்து செய்தது கடை, நீங்கள் அல்ல. பொருளைக் கொடுக்க முடியாதவர், வாங்கிய பணத்தைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும். எங்கள் கடையிலேயே வேறு எதையாவது வாங்கிக் கழித்துக்கொள்ளுங்கள் என்று உங்களைக் கட்டாயப்படுத்த அவருக்கு உரிமை கிடையாது.

“அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது” என்று கடையின் விதிமுறையில் ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படித்ததுமே சோர்ந்துவிடுகிறார்கள். நீங்களே மனம் மாறி ஆர்டரை விட்டால் அந்த வரி கடைக்கு ஓரளவு உதவலாம். கடையே கைவிரிக்கும்போது அதைக் காட்டி உங்கள் 8,000 ரூபாயைப் பிடித்து வைக்க முடியாது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளைப் பாருங்கள். வாடிக்கையாளர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கிற நிறுவனம், தானே ரத்து செய்யும்போது அதே மாதிரியான கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கவும் அதே விதிகள் இடம் தருகின்றன. யாராலும் தடுக்க முடியாத பேரிடர் போன்ற காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விற்பவருக்கு விலக்கு.

இப்போது உங்கள் முதல் ஆர்டர் மெயிலைத் திறந்து பாருங்கள். விலைக்குக் கீழே, பொடி எழுத்தில், “எதிர்பார்க்கப்படும் வருகை” என்று ஒரு மாதமோ காலாண்டோ போட்டிருப்பார்கள். உங்கள் புகாருக்கு உயிர் அந்த வரிதான். தேதியைத் தள்ளும்போது கடை தன் இணையப் பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடும். பழைய தேதி அங்கே இருக்காது, உங்கள் மெயிலில்தான் இருக்கும். அதோடு பணம் கட்டிய ரசீது, தள்ளிவைத்த ஒவ்வொரு மெயில், கடைசியில் வந்த ரத்து மெயில், ஸ்டோர் கிரெடிட் பற்றிய பேச்சின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் சேருங்கள்.

அப்புறம் கடையின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில். ஆன்லைன் கடை ஒவ்வொன்றும் அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டே ஆக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது நீதிமன்றம் அல்ல, உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலேயே இறங்கிவரும் கடைகளும் உண்டு.

அதற்கும் மசியவில்லையா, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கடை மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் கவலை இல்லை. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பணத்தோடு வட்டியும், அலைச்சலுக்கு இழப்பீடும், வழக்குச் செலவும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுப் பேச்சைப் பற்றி: வாங்கியது ஃப்ரிட்ஜா பொம்மையா என்று சட்டம் பார்ப்பதில்லை. உழைத்துச் சேர்த்த 8,000 ரூபாய், யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: படம் வந்து, ஓடி, ஓடிடியிலும் போட்டுவிட்டார்கள். ஃபிகர் மட்டும் இன்னும் வரவில்லை. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் “கம்பெனி தாமதம்” என்கிறார். உண்மையில் தாமதமா, இல்லை நம் பணத்தை வைத்துச் சுழற்றுகிறார்களா? – ராயபுரம் வாசகர்

பதில்: இரண்டும் நடக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது.

ப்ரீ ஆர்டர் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் அழகான படம் தொழிற்சாலையில் இருந்து வந்த பொருளின் படம் அல்ல. கைத்தேர்ந்த கலைஞர் ஒருவர் வண்ணம் தீட்டிய ஒரே ஒரு மாதிரியின் படம். அதற்குப் பிறகுதான் பாதி வேலையே இருக்கிறது. ஸ்டுடியோ ஒப்புதல் வேண்டும். நடிகரின் முகம் என்றால் அவர் தரப்பின் ஒப்புதலும் பல சமயம் வேண்டும். மூக்கு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுபடி செதுக்க வேண்டும். எஃகு அச்சு வெட்ட மாதக்கணக்கில் ஆகும், செலவும் அங்கேதான் அதிகம். அப்புறம் சோதனை வார்ப்பு, வண்ணம், துணி உடை. பெரும்பாலான தொழிற்சாலைகள் சீனாவில் இருப்பதால் அவர்களுடைய புத்தாண்டை ஒட்டிச் சில வாரம் எல்லாமே நின்றுவிடும். கடைசியாகக் கப்பல். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்களின் 30 சென்டிமீட்டர் ஃபிகர்கள், அறிவித்த நாளிலிருந்து ஒரு வருடம் தாண்டிக் கைக்கு வருவது சாதாரணம். அதனால் ஒரு கடை “நான்கு மாதம்” என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இந்தத் தொழிலில் தாமதம் புதிதும் அல்ல. 1977-ல் ஸ்டார் வார்ஸ் படம் வந்தபோது கென்னர் நிறுவனத்திடம் பொம்மைகள் தயாராக இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை உறையைத்தான் விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ். அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருடம் நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். சொன்னபடி 1978-ல் வந்து சேர்ந்தன. அங்கே வாங்கியவருக்கு ஆரம்பத்திலேயே உண்மை தெரியும்: இப்போது காகிதம், பிறகு பொம்மை. இன்றைய கடைகள் பல, அந்த ஒரு நேர்மையைத்தான் விட்டுவிட்டன.

எதிர்த் திசையிலும் நடக்கும். ஜி.ஐ.ஜோ என்ற ஹாலிவுட் பட வரிசையின் இரண்டாம் படம் 2012 ஜூனில் வருவதாக இருந்தது. ஐந்து வாரம்தான் மிச்சம் இருந்த நேரத்தில் 2013 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பொம்மைகள் அதற்குள் தயாராகி, சில கடைகளுக்கே வந்துவிட்டிருந்தன. படம் இல்லாமல் பொம்மை மட்டும் நின்றது.

ரத்தாவதற்கு முக்கியக் காரணம் எண்ணிக்கை. அச்சுச் செலவை எடுக்க இத்தனை ஆயிரம் விற்றாக வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். பெரிய கடைகளின் ஆர்டர் குறைந்தாலோ, படம் ஓடாவிட்டாலோ, உரிமக் காலம் முடிந்தாலோ வரிசையின் கடைசிப் பாத்திரங்கள் அப்படியே போய்விடும். கதாநாயகன் முதல் தவணையிலேயே வந்துவிடுவார். வில்லனின் கையாள், தோழி, வயதான தளபதி என்று ரசிகர்கள் உயிராகக் காத்திருக்கும் பாத்திரங்கள்தான் கைவிடப்படுகின்றன. பத்தில் ஏழு வாங்கிவிட்டு மூன்றுக்காக அலமாரியில் இடம் விட்டு வைத்திருப்பவரின் வேதனை எனக்குப் புரிகிறது.

இந்தக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முறையும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் ஹாஸ்லேப் திட்டத்தில் இத்தனை பேர் சேர்ந்தால்தான் தயாரிப்போம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். 2018-ல் ஸ்டார் வார்ஸின் பாய்மரப் படகுக்கு 5,000 பேர் வேண்டும் என்றார்கள், 8,800-க்கு மேல் சேர்ந்தார்கள், படகு வந்தது. 2021-ல் ராங்கோர் என்ற ராட்சதப் பிராணிக்கு 9,000 பேர் தேவைப்பட்டது, சேரவில்லை, கைவிட்டார்கள். ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் அவர்கள் பணம் போகவில்லை.

உங்கள் கடைக்காரரைச் சோதிக்க ஒரு வழி: தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் அந்த ஃபிகரின் வருகைக் காலாண்டைப் பாருங்கள். அங்கேயும் தள்ளியிருந்தால் தாமதம் உண்மை. மற்ற ஊர்களில் ஃபிகர் கைக்கு வந்து, பெட்டி பிரிக்கும் வீடியோக்கள் எல்லாம் வந்துவிட்ட பிறகும் உங்கள் கடை “கம்பெனி தாமதம்” என்றால், ஒன்று அவர் ஆர்டரே போடவில்லை, அல்லது அவருக்கு ஒதுக்கீடு கிடைக்கவில்லை. அன்றே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒருத்தர் வெளிநாட்டிலிருந்து மொத்தமாக இறக்கித் தருவதாகச் சொல்லி, எங்கள் ஏரியா பசங்க 14 பேரிடம் ஜிபேயில் பணம் வாங்கினார். இப்போது போன் எடுப்பதில்லை. – வியாசர்பாடி வாசகர்

பதில்: தெரியாத ஒருவரிடம் தீபாவளிச் சீட்டு கட்டுவதும் இதுவும் ஒன்றுதான், ஆள் நல்லவராக இருக்கும்வரை எல்லாம் சரி. உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போன கணக்கை முடக்க முடிகிறதா என்பது எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 14 பேரும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள், பரிவர்த்தனை எண்ணோடு. இனிமேல் இப்படிப்பட்ட ஆர்டருக்குக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வரவில்லை என்று வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி அதில் உண்டு. அதற்கும் காலக்கெடு இருக்கிறது, பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள் அளவில். “இன்னும் ஒரு மாசம் பொறுங்க” என்று கடைக்காரர் தள்ளிக்கொண்டே போவதில் கரைவது அந்த நாள்கள்தான்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. அவன் கேட்ட ஃபிகரை வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் செய்தேன். சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதையே பர்மா பஜாரில் 600 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? – தண்டையார்பேட்டை வாசகி

பதில்: அம்மா, 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிப் பொம்மைக்கும் இது பொருந்தும். சுங்க வரியும் 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. பெட்டியில் “15 வயதுக்கு மேல்” என்று இருந்தாலும், அது பொம்மையா சேகரிப்புப் பொருளா என்று முடிவு செய்வது சுங்க அதிகாரி. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கும்போது இந்த ஆபத்து உங்கள் தலையில்தான் விழுகிறது.

600 ரூபாய் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அசல் ஃபிகரில் பாதத்தின் அடியிலோ முதுகிலோ உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் வருடமும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். போலியில் அந்த இடம் பெரும்பாலும் மொழுக்கென்று இருக்கும், கண்ணில் வண்ணம் வழிந்திருக்கும், மூட்டு லொடலொடக்கும். பெரியவர் அலமாரியில் வைக்க வாங்குவது அவர் விருப்பம். ஒன்பது வயதுப் பிள்ளை வாயில் வைப்பான், தம்பி தங்கை இருந்தால் அவர்களும் வைப்பார்கள். எந்த வண்ணம், என்ன பிளாஸ்டிக் என்று தெரியாததை வாங்கித் தராதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் அதோடு உள்ள உரிம எண்ணும் இருக்கிற பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இதையெல்லாம் நம் ஊரிலேயே செய்தால் என்ன? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: உங்கள் ஊரில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். அதே நிறுவனம் 1987-ல் ஹாஸ்ப்ரோவோடு கைகோத்து ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தை ஆரம்பித்தது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வாங்கி இங்கே செய்த ஜி.ஐ.ஜோ பொம்மைகளை, அவற்றின் விசித்திரமான நிறங்களுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். கை இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. புதுப் பட ஃபிகருக்கு ஸ்டுடியோ உரிமமும் ஆயிரக்கணக்கில் வாங்குபவர்களும் வேண்டும், அங்கேதான் நிற்கிறது.

கேள்வி: நான் எப்போதும் இரண்டு வாங்கி, ஒன்றை நல்ல விலைக்கு விற்பேன். ரத்தானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – கொளத்தூர் வாசகர்

பதில்: மறுவிற்பனைக்கு வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. உங்களுக்கென்று வாங்கிய ஒன்றுக்குத் தனி ஆர்டர், தனி ரசீது வைத்திருங்கள். அதற்குப் புகார் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே ஆர்டரில் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் வாதமே நீங்கள் வியாபாரி என்பதாகத்தான் இருக்கும்.