பொரி அள்ளி வைக்க ஆள் கிடைத்தது, சர்வரைப் பார்க்க ஆள் இல்லையா?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருளை 6 ஆண்டுகளாக நான் ஒருவனே கட்டிக் காத்து வருகிறேன். சில மாதங்களுக்கு முன் என் தங்கையைப் பட்டர்வொர்த்தில் கட்டிக் கொடுத்தோம். திருமணத்தன்றுகூட மண்டப வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, அந்த மென்பொருளை இயக்கும் சர்வர் கணினி நின்றுபோனதை 40 நிமிடத்தில் சரிசெய்தேன். பொரியிடுவதைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொண்டான். இப்போது வந்திருக்கும் மேலாளர், என் நிரலை மற்றவர்கள் படித்து ஒப்புதல் தந்த பிறகே சர்வரில் ஏற்ற வேண்டும் என்கிறார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் அதில் 14 கேள்விகள் எழுப்பியிருக்கிறாள். இதெல்லாம் புது மோஸ்தர். அவமானமாக இருக்கிறது. ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: தம்பி, ராஜினாமாவைப் பிறகு பார்ப்போம். முதலில் பொரியைப் பற்றிப் பேச வேண்டும்.

அக்கினிக்கு முன்னால் தங்கை இரண்டு கைகளையும் குவித்து நிற்பாள். அந்தக் கைகளில் பொரி அள்ளி வைப்பவன் அண்ணன். போகிற வீட்டில் உனக்கொரு குறை என்றால் கேட்க நான் இருக்கிறேன் என்று சபை நடுவே அவன் சொல்லாமல் சொல்லும் நேரம் அது. குனிந்த தலையை நிமிர்த்தி அந்தப் பெண் யாரைத் தேடியிருப்பாள்? அதை அரை வரியில் கடந்து போகிறீர்கள். போதாததற்கு, உங்கள் தியாகக் கணக்கிலும் சேர்த்துக்கொள்கிறீர்கள். 6 ஆண்டுகளில் ஒருவருக்கும் வேலையைக் கற்றுக்கொடுக்காமல் இருந்தீர்கள். அதற்கான விலையை உங்கள் தங்கை கொடுத்தாள். இதில் தியாகம் எங்கே இருக்கிறது?

வேறு எவரும் செய்யக்கூடாத காரியத்துக்கு ஐந்து நிமிடத்தில் மாற்று ஆள் கிடைத்தது. குழுவில் யார் வேண்டுமானாலும் செய்யும்படி இருந்திருக்க வேண்டிய வேலைக்கு 6 ஆண்டுகளாக மாற்று ஆள் இல்லை. இது தலைகீழ் என்று உங்களுக்கு உறைக்கவில்லையா?

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எதை முதலில் நிறுத்தி எதை அடுத்துத் தொடங்க வேண்டும் என்பது எழுதியவரின் தலையில் மட்டும் இருக்கும். கடவுச்சொல் அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருக்கும். உங்கள் துறையிலேயே 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: குழுவில் எத்தனை பேரைப் பஸ் அடித்தால் வேலை நின்றுபோகும் என்பது. உங்கள் இடத்தில் அது 1. நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் 'நான் ஒருவனே' என்பதற்குப் பெயர் அதுதான்.

எங்கள் அப்பா இறந்தபோது வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் அம்மா தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய ரசீதுகளைத் தரையில் பரப்பிவைத்துத் தேடினார். அப்பாவின் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் போனது தவறு, இன்றைக்கும் சொல்வேன்.

புது மோஸ்தர் என்கிறீர்களே, சக பொறியாளர்கள் உட்கார்ந்து நிரலை வரிவரியாகப் படித்துப் பிழை காணும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியவர், ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் அதைச் சரிபார்க்கவே இல்லை என்பதை அரசின் விசாரணை பிறகு எடுத்துச் சொன்னது.

அந்தப் பெண்ணின் 14 கேள்விகளில் எத்தனைக்கு உங்களால் உடனே விடை சொல்ல முடிந்தது? கடிதத்தில் அதை எழுதவில்லை, கவனித்தேன். 6 ஆண்டுகளில் உங்கள் நிரலை உட்கார்ந்து படித்த முதல் ஆள் அவள்தான். அவளுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். மூத்தவர் என்ற மரியாதை வேண்டுமென்றால் கேட்பவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

கோபத்தில் ராஜினாமா செய்யக்கூடாது. போகத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இந்த வாரமே கடவுச்சொற்களைக் குழுவின் பொதுப் பெட்டகத்துக்கு மாற்றுங்கள். சர்வரை நிறுத்தித் தொடங்கும் முறையை எழுதி வையுங்கள். அதை நீங்கள் படித்துச் சரி என்று சொன்னால் போதாது. அந்தப் பெண் அதை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். அவள் தடுமாறும் இடத்தில்தான் நீங்கள் எழுதாமல் விட்டது இருக்கும். நிரலில் செய்யும் மாற்றங்களைச் சின்னச் சின்னதாக ஒப்புதலுக்கு அனுப்புங்கள். ஆயிரம் வரியை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தால் எவரும் ஊன்றிப் படிக்க மாட்டார்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் பதியும்போது 'சரிசெய்தேன்' என்று ஒற்றைச் சொல்லோடு விடாமல், எதற்காகச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

தங்கைக்கு இது தலைத் தீபாவளி. சீர்த்தட்டோடு போய் அவளையும் மாப்பிள்ளையையும் அழைத்துவர வேண்டியவர் நீங்கள். அதற்குள் அந்தப் பெண் இரண்டு முறையாவது தனியாகச் சர்வரை நிறுத்தித் தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் கைகட்டி நில்லுங்கள், விசைப்பலகையைத் தொடாதீர்கள். பிறகு மடிக்கணினியை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டுப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்துக்குப் போங்கள். இந்த முறையும் சித்தப்பா மகனை அனுப்பிவிடாதீர்கள்.