பயோட்டின் மாத்திரை: இன்னொரு டப்பா வாங்கலாமா?

கேள்வி: கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அறைத்தோழி சொன்னதால் 1,100 ரூபாய்க்கு ஆன்லைனில் பயோட்டின் மாத்திரை வாங்கினேன். வெளிநாட்டு டப்பா, 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. இருபது நாளாகியும் பலன் இல்லை. இன்னொரு டப்பா வாங்கலாமா? இல்லை, இதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியுமா?

பதில்: இன்னொரு டப்பா வேண்டாம்.

அந்த 10,000 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். பயோட்டின் என்பது பி வகை வைட்டமின்களில் ஒன்று. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பயோட்டின் 30 முதல் 40 மைக்ரோகிராம்தான். முட்டை, வேர்க்கடலை என்று சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். பயோட்டின் குறைபாடு மிக அபூர்வம். குறைபாடு இல்லாதவர்களுக்கு இதனால் முடி வளரும் என்று சொல்ல உறுதியான ஆதாரமும் இல்லை. தேவையைப் போல 250 மடங்கு விழுங்கினாலும் உபரி சிறுநீரில்தான் போகும்.

காசு வீணாவதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017லேயே இதை எச்சரித்தது. முடி கொட்டுகிறது என்று போனால் டாக்டர் எழுதித் தரும் தைராய்டு டெஸ்ட்டும் அப்படித் தப்பாக வரக்கூடியதுதான். அதனால் மாத்திரை சாப்பிட்டதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முடி ஏன் கொட்டுகிறது? முடி கொட்டத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்கு, டைஃபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்ததா? எடை குறைக்க இரவுச் சாப்பாட்டை விட்டீர்களா? இவற்றின் பலனாக முடி அப்போதே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் தெரியும். அடுத்த சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. மாதவிடாயில் போக்கு அதிகமாக இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகவே பார்ப்பார்கள். 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். அதை மெஸ் டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்துதான் பல பெண்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையில் உள்ள இரும்பால் வருவதுதான்.

அப்புறம் பணம். பிரித்துச் சாப்பிட்ட பொருளை, பலன் இல்லை என்பதற்காகப் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் எல்லாம் இருக்கவேண்டும். இல்லை என்றால் அது முறையாக வந்த சரக்கு இல்லை, பணத்தைத் தைரியமாகத் திருப்பிக் கேட்கலாம். விற்பனைப் பக்கத்தில் ‘30 நாளில் முடி வளரும்’ என்பது போல வாக்குறுதி இருந்தால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று புகார் செய்யலாம். முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பில், டப்பாவின் போட்டோ எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.